அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்: ரிப்போர்ட் வந்துவிட்டது, கேள்விகள் தீரவில்லை

கீற்று:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 54 வயது. எட்டு மாதமாகவே படியேறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு அசந்துபோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சம் ஏறியது, திரும்ப இறங்கியது. ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொன்னார். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

நேற்று ரிப்போர்ட் வந்தது. "டி3, என்1பி, 22 நிணநீர்க் கணுக்களில் 2இல் புற்று" என்று இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இது எத்தனையாவது ஸ்டேஜ்? கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம் என்று சொன்னவர்கள் பிறகு ஏன் கீமோ என்கிறார்கள்?

இன்னொன்று. அப்பாவிடம் "குடலில் ஒரு கட்டி, எடுத்தாகிவிட்டது" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல மாட்டேன் என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

பழைய நோட்டு:
அம்மா, முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள். என் மனைவிக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே நோய். அப்போது வந்த ரிப்போர்ட்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை.

டி என்பது கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. 3 என்றால் தசை அடுக்கைத் தாண்டி வெளியே உள்ள கொழுப்புப் பகுதி வரை வந்திருக்கிறது. "என்" என்பது நிணநீர்க் கணுக்கள், அதாவது குடலைச் சுற்றி உடம்பின் தடுப்பாற்றலுக்காக இருக்கும் சின்ன முடிச்சுகள். 1பி என்றால் இரண்டு அல்லது மூன்று கணுக்களில் இருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தமாக இருந்தால் இது மூன்றாம் ஸ்டேஜ். 22 கணுக்களை எடுத்துப் பார்த்திருப்பது நல்ல செய்தி. குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்தால்தான் ஸ்டேஜ் கணக்கை நம்பலாம் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி.

கீமோ எதற்கு என்ற கேள்வியை என் மனைவியே அறுவை மருத்துவரிடம் கேட்டாள். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம், ஆனால் கணு வரை வந்த புற்று உயிரணுக்களில் சில ரத்தத்தோடு கிளம்பியிருக்கலாம், எந்த ஸ்கேனிலும் அவை தெரியாது, கீமோ அவற்றுக்காகத்தான் என்றார். அந்தப் பதிலை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். அந்த அறைக்குள் போனால் பாதிக் கேள்வி மறந்துவிடும்.

வார்டு விளக்கு:
நான் புற்றுநோய்ப் பிரிவில் பதினேழு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். ஐயா சொன்னது சரி. நான் சொல்வது பொதுவான விவரம். முடிவை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஸ்டேஜில் வழக்கமாக இரண்டு மருந்து சேர்த்துத் தருவார்கள். ஒன்று ஆக்ஸாலிபிளாட்டின், ஊசி வழியாக. மற்றொன்று 5-எஃப்யூ என்ற பழைய மருந்து, அல்லது அதன் மாத்திரை வடிவமான கேபசைட்டபின். முன்பு எல்லோருக்கும் ஆறு மாதம். 2018இல் ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். டி1 முதல் டி3 வரை, என்1 என்று இருப்பவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டினைக் கேபசைட்டபினோடு சேர்த்து மூன்று மாதம் கொடுத்தாலே ஏறத்தாழ அதே பலன் என்று தெரிந்தது. உங்கள் அப்பா இந்த வரம்புக்குள் வருகிறார். "மூன்று மாதமா, ஆறு மாதமா, ஏன்?" என்பதை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

இரண்டாவது வரி டிபிடி என்ற நொதி. 5-எஃப்யூவையும் கேபசைட்டபினையும் உடலில் உடைத்து வெளியேற்றுவது அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

கணுக்களின் எண்ணிக்கைக்குக் கீழே "எம்எம்ஆர்" என்று ஏதாவது இருக்கிறதா? நான்கு பெயர் வரிசையாக இருக்கும்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அகல்:
கீற்று, எனக்கு வயது 34. இடது பக்கப் பெருங்குடல், மூன்றாம் ஸ்டேஜ். கீமோ முடிந்து ஏழு மாதம் ஆகிறது. மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்றார்கள். ஒரு வருடம் களிம்பு பூசிக்கொண்டிருந்தேன். "இந்த வயதில் அதெல்லாம் வராது" என்ற வாக்கியத்தை மூன்று இடங்களில் கேட்டேன். வருகிறது. அமெரிக்காவில் 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்ததைவிடப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, மலக்குடல் புற்று வரும் வாய்ப்பு நான்கு மடங்கு. அங்கே பொதுப் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். நடிகர் சாட்விக் போஸ்மன் 43 வயதில் இதே நோயில்தான் போனார்.

ஆக்ஸாலிபிளாட்டின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஊசி போட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். கண்ணாடித் துண்டைப் பிடித்ததுபோல விரல் நுனி ஐந்தும் குத்தியது. பாட்டில் கையை விட்டு விழுந்தது. அதிலிருந்து ஒரு வாய் குடித்திருந்தால் தொண்டை இறுகி, மூச்சே நின்றுவிட்டதுபோல் இருந்திருக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தெரியாமல் நடந்தால் கதிகலங்கிவிடும். ஊசி போட்ட நான்கைந்து நாள் அப்பாவை வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லுங்கள். கையுறையும் வாங்கி வையுங்கள். முடி எனக்கு முழுவதும் கொட்டவில்லை, அடர்த்திதான் குறைந்தது.

நெல்லிமரம்:
மகளே, என் அண்ணனை இந்த நோய்க்குக் கொடுத்தவன் நான். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அப்பாவிடம் சொல்லாதீர்கள். அண்ணனிடம் சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நோய் கொல்லும் முன் பயம் கொன்றுவிட்டது. உங்கள் அத்தை சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், புற்று அதைத் தின்றுதான் வளர்கிறது. கீமோவோடு மூலிகைப் பொடியும் கொடுத்தால் உடம்பு தாங்கும்.

வார்டு விளக்கு:
ஐயா, அண்ணனை இழந்த உங்கள் வலி புரிகிறது. ஆனால் மூலிகை விஷயத்தில் நான் சும்மா இருக்க முடியாது. கேபசைட்டபின் சாப்பிடும்போது ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகூட அதன் நச்சுத்தன்மையைக் கூட்டிவிடும். அப்படி இருக்கும்போது என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத ஒரு பொடியை எப்படிக் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரையை உடம்பின் எல்லா உயிரணுக்களும்தான் எரிக்கின்றன. சாப்பாட்டைக் குறைத்தால் புற்று பட்டினி கிடக்காது, அப்பாதான் இளைப்பார். கீமோ நாட்களில் எடை குறையாமல் இருப்பதே பெரிய காரியம்.

கீற்று:
நீங்கள் கேட்ட வரி: "எம்எல்எச்1, பிஎம்எஸ்2 உள்ளது; எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 காணப்படவில்லை." இது கெட்டதா? இதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

வார்டு விளக்கு:
கெட்டது நல்லது என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாது. ஆனால் இந்த ரிப்போர்ட்டில் உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமான வரி இதுதான்.

உயிரணு பிரியும்போது மரபணுவைப் பிரதி எடுக்கிறது. அதில் எழுத்துப் பிழை வரும். அதைத் திருத்தும் வேலையைச் செய்பவை இந்த நான்கு புரதங்கள். உங்கள் அப்பாவின் கட்டியில் இரண்டு இல்லை. எம்எல்எச்1 இல்லாமல் போவது வயதானவர்களுக்குப் பரம்பரைக் காரணம் இல்லாமலும் நடக்கும். எம்எஸ்எச்2 இல்லை என்றால், அதுவும் 54 வயதில் என்றால், லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பெருங்குடல் புற்றில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இதனால் வருபவை. பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றும் இதனால் வரும்.

இதை முதலில் ஒரு தையல்காரப் பெண்தான் உலகத்துக்குச் சொன்னாள் என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். 1895இல் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவரிடம், என் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாளாம். அவர் அதைத் தள்ளிவிடாமல் அந்தக் குடும்பத்தின் கிளைகளை வரைந்து 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தாள். இந்த நோய்க்குறிக்குப் பெயர் தந்த ஹென்றி லிஞ்ச் இதே வேலையைத் தொடர்ந்தது 1960களில்.

உங்கள் அப்பா வழியில் யாருக்காவது, 50 வயதுக்குள், குடலிலோ கர்ப்பப்பையிலோ ஏதாவது வந்திருக்கிறதா?

இன்னொன்றையும் நோட்டில் எழுதுங்கள். இந்த வகைக் கட்டிக்கு உடலின் தடுப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. மூன்றாம் ஸ்டேஜில் கீமோவோடு அதைச் சேர்த்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2025இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று கேளுங்கள்.

கீற்று:
அப்பாவின் அம்மா 46 வயதில் இறந்தார். "வயிற்றில் கட்டி" என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது எந்தக் கட்டி என்று எனக்குத் தெரியாது. அத்தையைக் கேட்டேன், "பழையதைக் கிளறாதே" என்கிறார். பாட்டியின் உடன்பிறந்தவர்களைப் பற்றி அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய நோட்டு:
அப்படியானால் உங்கள் சத்தியம் அறுந்துவிட்டது அம்மா. அப்பாவிடம் சொல்லாமல் அவர் அம்மாவைப் பற்றி எப்படிக் கேட்பீர்கள்? மரபணுப் பரிசோதனைக்கு அவர் ரத்தம் வேண்டும், அவர் சம்மதம் வேண்டும். எதற்கு என்று கேட்க மாட்டாரா?

நெல்லிமரம் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நானும் மனைவியிடம் ஒன்பது நாள் மறைத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்குத்தான் இல்லை. அந்த ஒன்பது நாளும் எல்லோரும் கிசுகிசுத்தோம், அவள் வந்தால் பேச்சை நிறுத்தினோம். அவள் அறையில் தனியாகக் கிடந்தாள். அதற்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

நெல்லிமரம்:
அண்ணனிடம் சொன்னது மருத்துவமனை வராந்தாவில், நின்றுகொண்டே, ஒரு நிமிடத்தில். பக்கத்தில் யாரும் இல்லை. ஒருவேளை சொன்னதைவிட, சொன்ன விதம்தான் அவரை உடைத்ததோ என்று இப்போது தோன்றுகிறது. மகளே, சொல்வதானால் உட்கார்ந்து சொல்லுங்கள். எழுந்து போகாதீர்கள்.

தும்பை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மலக்குடல் புற்று, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. மலம் சேர வயிற்றில் தற்காலிகமாகப் பை வைப்பார்களாம். பை என்றதும் பேச்சே வரவில்லை. வலிக்குமா? நாற்றம் வருமா?

வார்டு விளக்கு:
கண்ணா, தனியாகவே ஒரு கேள்வி தொடங்கலாம், ஆனால் உடனே சொல்கிறேன். வயிற்றில் தெரியும் அந்தக் குடல் முனை உதட்டின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு இல்லை, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். கருநிறமாக மாறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பை சரியாக ஒட்டியிருந்தால் நாற்றம் வெளியே வராது. சிறுகுடலில் திறப்பு வைத்தால் நீராகவே வெளியேறும். உப்பும் நீரும் உடம்பிலிருந்து மளமளவென்று போகும். தலை சுற்றினால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்காதீர்கள். அறுவைக்கு முன்பே நீங்கள் உட்காரும்போது, குனியும்போது பார்த்து இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். மடிப்பு விழும் இடத்தில் வைத்தால் பை ஒட்டாது, தினமும் அவதி.

அகல்:
எனக்கு நான்கு மாதம் இருந்தது. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை மாற்றச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஏழு நிமிடத்தில் நானே மாற்றினேன். பிறகு மூடிவிட்டார்கள். தழும்பு மட்டும்தான் மிச்சம்.

கீற்று (ஆறு நாள் கழித்து):
சொல்லிவிட்டேன். மாலையில் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்பா, எடுத்தது புற்றுநோய்க் கட்டி. கணு இரண்டில் இருக்கிறது. கல்லீரல் சுத்தமாக இருக்கிறது. கீமோ போட வேண்டும்" என்றேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் அம்மாவுக்கும் இதுதானா?" என்று கேட்டார்.

எழுந்துபோய் ஸ்கேன் வந்த பெரிய உறையை எடுத்து வந்து, அதன் பின்பக்கத்தில் தானே எழுத ஆரம்பித்தார். பாட்டி, 46, கர்ப்பப்பை. பாட்டியின் அண்ணன், 41, "குடல் அடைப்பு". பாட்டியின் தங்கை, 52, அதுவும் வயிறு. பெயருக்குப் பக்கத்தில் வயது, வயதுக்குப் பக்கத்தில் கோடு. கடைசியாக என் பெயரையும் தம்பி பெயரையும் எழுதி, பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மருத்துவர் அந்த உறையைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. கீமோ மூன்று மாதம். தடுப்பாற்றல் மருந்து பற்றி மற்ற மருத்துவர்களோடு கலந்து சொல்வதாகச் சொன்னார்.

அப்பா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: மூன்றாம் ஸ்டேஜ் என்றால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? இப்போது அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார், இது இப்படியே இருக்குமா?

வார்டு விளக்கு:
அமெரிக்கக் கணக்கில், குடலோடு நின்ற புற்று என்றால் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் நூற்றில் 90 பேர் அளவில். பக்கத்துக் கணு வரை வந்திருந்தால் 70க்கு மேல். தொலைவில் உள்ள உறுப்புக்குப் போயிருந்தால் 15 அளவில். இவை பல வருடம் முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு, எல்லா வயதினரையும் கலந்தது. கடைசி எண்ணைப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் அதையும் வெட்டி எடுத்து முழுக்கக் குணமானவர்களை என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும். அதனால்தான் புற்று திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வார்கள், ஸ்கேனும் எடுப்பார்கள்.

கழிப்பறைக் கேள்விக்கு: வலது பக்கத்தை எடுக்கும்போது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வும் போய்விடுகிறது. பித்தநீர் நேராகப் பெருங்குடலுக்கு வந்து வயிற்றைக் கலக்கும். பலருக்குச் சில மாதத்தில் அடங்கும். அடங்காவிட்டால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

பழைய நோட்டு:
கீமோ முடிந்ததும் அப்பாவை நடக்க விடுங்கள். 2025இல் வந்த ஒரு ஆய்வில் 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து நடை, உடற்பயிற்சி. மறுபாதிக்கு அறிவுரை நூல் மட்டும். ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 80, மறுபாதியில் 74. என் மனைவி தினமும் காலை நாற்பது நிமிடம் நடக்கிறாள். நானும் கூடப் போகிறேன். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே.

கீற்று (பதினோரு வாரம் கழித்து):
எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நன்றி. அப்பாவுக்கு எம்எஸ்எச்2இல் பரம்பரை மாற்றம் உறுதியாகிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் ரத்தத்திலும் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று அப்பாதான் நொறுங்கிப்போனார். "நான் கொடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா நமக்குக் கொடுத்தாள், அவள் தெரிந்தா கொடுத்தாள்?" என்றார். அத்தைதான் அப்படிச் சொன்னார். மறுநாள் தானும் ரத்தம் கொடுத்தார்.

எனக்கு 29 வயது. இந்த மாற்றம் இருப்பவர்கள் 20 முதல் 25 வயதிலேயே கொலோனோஸ்கோபி தொடங்கி, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டுமாம். மற்றவர்களுக்குக் குடல் சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதை மொட்டு புற்றாக மாறப் பத்து வருடம்போல ஆகும், எங்களுக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே ஆகிவிடலாம் என்று விளக்கினார்கள். மாதவிடாய் ஒழுங்கு தப்பினாலோ இடையில் ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடாமல் வரச் சொன்னார்கள்.

நேற்று செய்துகொண்டேன். முந்திய இரவும் விடியற்காலையும் அந்த மருந்துத் தண்ணீரைக் குடிப்பதுதான் கஷ்டம், பரிசோதனை அல்ல. லேசான மயக்கத்தில் திரையைப் பார்த்தேன். இளஞ்சிவப்பான, ஈரமான சுரங்கம்போல வளைந்து வளைந்து போனது. ஒரு திருப்பத்தில் சின்னக் காளான் மொட்டுபோல ஒன்று நின்றது. ஒரு கம்பிச் சுருக்கு வந்து அதன் கழுத்தில் விழுந்து இறுகியது. மொட்டு உதிர்ந்தது. இன்னொன்று கொஞ்சம் தள்ளி. இரண்டும் ஆறு மில்லிமீட்டருக்குள். புற்று இல்லை என்று இன்று காலை சொன்னார்கள்.

அப்பாவுக்கு நாலாவது சுற்றுக் கீமோ நாளை மறுநாள் முடிகிறது. விரல் நுனி மரத்திருக்கிறது, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார்.

அகல்:
கீற்று, அந்த மரப்பு எனக்கு ஐந்தாம் மாதத்தில் குறையத் தொடங்கியது. பெரிய பொத்தான் வைத்த சட்டை வாங்கிக் கொடுங்கள். தம்பி என்ன சொல்கிறார்?

கீற்று:
முடியவே முடியாது என்று இரண்டு மாதம் இருந்தான். நேற்று என்னை அழைத்துப்போக வந்தவன் அவன்தான். மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க நேரம் வாங்கியிருக்கிறான்.